தடுப்பூசி ஆணையும் படைவீரரின் மனச்சாட்சியும்: அமெரிக்கப் படைகளில் மத விலக்குக் கேட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

2021 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் எல்லாப் படைகளுக்கும் ஒரு குறிப்பாணை அனுப்பினார். சீருடை அணிந்த அனைவரும் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. அதற்கு முந்தைய நாள்தான் ஃபைசர் தடுப்பூசிக்கு முழு ஒப்புதல் கிடைத்திருந்தது. அந்த ஆணை நடப்பிலிருந்த காலத்தில், ஊசி போட மறுத்ததற்காக 8,000க்கும் மேற்பட்டவர்கள் வேலையை இழந்தார்கள். மத நம்பிக்கையின் பேரில் விலக்குக் கேட்டவர்கள் பல்லாயிரம் பேர். கிடைத்தவர்கள் மிகச் சொற்பம். 2023 ஜனவரி 10 அன்று அதே ஆஸ்டின் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்.

ஆணைதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்த வழிகாட்டி என்று கேட்கலாம். கோவிட் ஊசி போனாலும் மற்ற ஊசிகள் இருக்கின்றன. படையில் சேரும் இளைஞருக்குப் பயிற்சி முகாமிலேயே தட்டம்மை, ஹெபடைட்டிஸ், மூளைக்காய்ச்சல் என்று வரிசையாக ஊசி போடுவார்கள். விலக்குக் கேட்பதற்கான விதிமுறைகள் இன்றும் அப்படியே உள்ளன. அடுத்த கொள்ளைநோய் வந்தால் இதே கதை மறுபடி நடக்கும். போன முறை நீக்கப்பட்டவர்களில் பலர் தங்கள் பதிவேடுகளைச் சரிசெய்ய இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்களிலும் பிள்ளைகள் ராணுவத்திலும் கடற்படையிலும் சேர்கிறார்கள். அவர்களுக்கும், கடிதம் எழுத அவர்களுக்கு உதவப்போகும் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி உயிர் காக்கிறது என்று நம்புகிறேன். 1777இல் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைக்குப் பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்த உத்தரவிட்டது, அந்தப் படையைக் காப்பாற்றிய முடிவுகளில் ஒன்று. 2020 வசந்த காலத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளுக்குக் கோவிட் பரவி, கப்பல் குவாம் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தது. நோய் பரவினால் ஒரு போர்க்கப்பல் என்ன ஆகும் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனச்சாட்சி தடுக்கிறது என்று ஒரு வீரர் சொன்னால், அதைக் காதுகொடுத்துக் கேட்டு, அவர் ஒருவரின் நிலையை மட்டும் எடைபோட்டு முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் மதிக்கப்பட வேண்டும். 2021-22இல் பெரும்பாலும் அது மதிக்கப்படவில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லப்போகிறது: உங்கள் உரிமை உங்கள் கோப்பில் இருக்கிறது. எழுத்தில் இல்லாதது எதுவும் பின்னால் உங்களைக் காப்பாற்றாது.

முதலில் சட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் மத சுதந்திரத்தைத் தருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் படைக்குள் அதை மட்டும் நம்பிப் போனால் பெரும்பாலும் தோல்விதான். 1986இல் விமானப்படை அதிகாரி ஒருவர், யூத குருவும்கூட, சீருடையோடு தன் யூதத் தொப்பியை அணிய அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். கோல்ட்மன் எதிர் வைன்பெர்கர் என்ற அந்த வழக்கில் 5-4 என்ற கணக்கில் தோற்றார். ராணுவ ஒழுங்கு என்று சொன்னால் நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்ட காலம் அது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அவருக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்குக் கொடுத்தது.

உங்கள் உண்மையான ஆயுதம் 1993ஆம் ஆண்டின் மத சுதந்திர மீட்புச் சட்டம். வழக்கறிஞர்கள் அதை ‘ரிஃப்ரா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது படைகளுக்கும் பொருந்தும். அதன் கணக்கு இப்படி: உங்கள் மத நம்பிக்கை உண்மையானது, அரசின் உத்தரவு அதன்மீது பெரும் சுமையை ஏற்றுகிறது என்று நீங்கள் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் பொறுப்பு அரசின் பக்கம் போய்விடுகிறது. தவிர்க்கவே முடியாத ஒரு பொதுநலன் இருக்கிறது, அதை அடைய இதைவிடக் குறைவாக உங்களைக் கட்டுப்படுத்தும் வழி இல்லை என்று அரசு நிரூபிக்க வேண்டும். “படையின் ஆரோக்கியம் முக்கியம்” என்று பொதுவாகச் சொல்வது போதாது. இந்த வீரருக்கு, இந்த வேலையில், இந்த இடத்தில் விலக்குக் கொடுத்தால் என்ன கெடும் என்று சொல்ல வேண்டும். 2006இல் ஓ சென்ட்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

இந்தச் சட்டத்தைப் படைக்குள் நடைமுறைப்படுத்துவது பாதுகாப்புத் துறையின் 1300.17 என்ற அறிவுறுத்தல். 2020 செப்டம்பர் 1 தேதியிட்ட அந்த ஆவணம் இணையத்தில் கிடைக்கிறது. அதன் கீழ் ஒவ்வொரு படைக்கும் தனி விதி உண்டு: தரைப்படைக்கு 600-20, விமானப்படைக்கு 52-201, கடற்படைக்கு 1730.11, மரைன் படைக்கு 1730.9. உங்கள் படையின் விதியைப் பதிவிறக்கி, அச்செடுத்து, கோட்டுப் பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் காரணம் எந்த வகை?

இதில் உங்களிடம் நீங்களே நேர்மையாக இருக்க வேண்டும். ஒவ்வாமை, இதய வீக்கம், கர்ப்பம் போன்ற காரணங்களுக்கு மருத்துவ விலக்கு என்ற தனி வழி இருக்கிறது. பணி ஓய்வு நெருங்கியவர்களுக்கு நிர்வாக விலக்கு உண்டு. ஊசி அவசரமாகத் தயாரிக்கப்பட்டது, அரசு சொல்வதை நம்பவில்லை, எனக்கு ஏற்கெனவே நோய் வந்து போய்விட்டது என்பவையெல்லாம் ஒருவருக்கு உண்மையான கவலைகளாக இருக்கலாம். ஆனால் அவை மதக் காரணம் ஆகாது. அவற்றை மதத்தின் போர்வையில் கொண்டுபோனால் உங்களுக்கும் கெடுதல், உண்மையாகவே மனச்சாட்சியோடு போராடும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் கெடுதல்.

மதக் காரணம் என்றால் என்ன என்பதில் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. உங்கள் நம்பிக்கை மற்றவர்களுக்குத் தர்க்கரீதியாகப் பட வேண்டியதில்லை என்று 1981இல் தாமஸ் வழக்கு சொன்னது. எந்தச் சபையிலும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை என்று 1989இல் ஃபிரேசீ வழக்கு சொன்னது. உங்கள் மதத் தலைவர் வேறு கருத்து சொன்னாலும் உங்கள் நம்பிக்கை செல்லும். கத்தோலிக்கர்கள் விஷயத்தில் இது பெரிய கேள்வியாக வந்தது. கருக்கலைப்பிலிருந்து வந்த உயிரணு வரிசைகளை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் உயிரணுக்களை) பயன்படுத்திய கோவிட் தடுப்பூசிகளை, வேறு வழியில்லாதபோது, போட்டுக்கொள்ளலாம் என்று வத்திக்கான் 2020 டிசம்பரில் அறிவித்தது. அதே அறிக்கை, ஊசி தன்விருப்பமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்கப் படையினருக்கான கத்தோலிக்கப் பேராயர் திமோத்தி புரோலியோ 2021 அக்டோபரில், மனச்சாட்சிக்கு விரோதமாக யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அறிக்கை விட்டார். ஆக, “உங்கள் போப்பாண்டவரே போடலாம் என்கிறாரே” என்று ஒரு அதிகாரி சொன்னால் அது சட்டப்படி முடிவான பதில் ஆகாது.

வழக்கறிஞரைப் பாருங்கள், ஆனால் சரியானவரை

படைத்தளத்தில் இருக்கும் சட்ட அதிகாரிகள் எல்லோரும் உங்கள் வழக்கறிஞர்கள் அல்ல. கமாண்டருக்கு ஆலோசனை சொல்லும் சட்ட அதிகாரி கமாண்டரின் ஆள். அவரிடம் மனம்விட்டுப் பேசுவது ஆபத்து. தண்டனை நடவடிக்கை வரும் என்றால் தரைப்படையில் டிரையல் டிஃபென்ஸ் சர்வீஸ், விமானப்படையில் ஏரியா டிஃபென்ஸ் கவுன்சல், கடற்படையில் டிஃபென்ஸ் சர்வீஸ் ஆபிஸ் என்று உங்களுக்காகவே வாதாடும் அலுவலகங்கள் இலவசமாக இருக்கின்றன. அங்கே சொல்வது ரகசியம். மத சுதந்திர வழக்குகளையே எடுத்து நடத்தும் தனியார் அமைப்புகளும் உண்டு. கடற்படையின் சிறப்பு அதிரடிப் பிரிவான சீல் வீரர்களின் வழக்கை நடத்தியது ஃபர்ஸ்ட் லிபர்ட்டி இன்ஸ்டிடியூட். கட்டுரைகள், இதையும் சேர்த்துத்தான், வழி காட்டும். உங்கள் கோப்பைப் பார்த்துப் பேச ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

கடிதம்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

2021 இலையுதிர் காலத்தில் இணையத்தில் ஆயத்தக் கடிதங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் ஏராளம். ஒரே வாசகத்தை நாற்பது தடவை படிக்கும் அதிகாரி நாற்பத்தோராவது கடிதத்தை எந்த மனநிலையில் திறப்பார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் நம்பிக்கை உங்களுடையது என்றால் அதைச் சொல்லும் வார்த்தையும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை.

பலரும் எழுதிய மாதிரிக் கடிதத்தின் சாரம் இது:

“இந்த ஊசி அவசரகதியில் வந்தது. நீண்டகால விளைவுகள் தெரியாது. என் உடல் இறைவனின் ஆலயம். அரசு என் உடலில் தலையிட உரிமை இல்லை.”

நான்கு வாக்கியங்களில் ஒன்று மட்டுமே மதம். முதல் இரண்டும் மருத்துவம், கடைசி அரசியல். படிப்பவர் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு, இவருக்கு ஊசிதான் பிடிக்கவில்லை என்று எழுதிவிடுவார்.

இதே மனிதர் இப்படி எழுதியிருக்கலாம்:

“கருவிலிருக்கும் உயிரை அழிப்பது பாவம் என்று பதினைந்து வயதிலிருந்து நம்பி வருகிறேன். என் சபையில் கர்ப்பிணிப் பெண்களுக்கு உதவும் குழுவில் ஒவ்வொரு மாதமும் பணிசெய்கிறேன். இந்தத் தடுப்பூசியின் ஆய்வில், கலைக்கப்பட்ட கருவிலிருந்து உருவான உயிரணு வரிசை பயன்பட்டது என்று அறிந்தேன். அதன் பயனை என் உடலில் ஏற்பது அந்தச் செயலில் பங்கெடுப்பது என்று என் மனச்சாட்சி சொல்கிறது. ஜெபித்து, என் போதகரோடு பேசி, இந்த முடிவுக்கு வந்தேன். வாராந்திரப் பரிசோதனை, முகக்கவசம், தனிமைப்படுத்தல் எதற்கும் சம்மதிக்கிறேன்.”

நம்பிக்கை என்ன, அது எப்போதிலிருந்து, வாழ்க்கையில் அது எப்படித் தெரிகிறது, இந்த ஊசி அதோடு எங்கே மோதுகிறது, அதற்குப் பதிலாக எதை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்ற எல்லாமே அதில் வந்துவிட்டன. கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி இருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், அதை ஏன் ஏற்கவில்லை என்று அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். உங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதையும் சேருங்கள். தனி அறையில் கணினி முன் உட்காரும் வேலையும் நீர்மூழ்கிக் கப்பல் வேலையும் ஒன்றல்ல.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “முன்பு போட்ட ஊசிகளுக்கு ஏன் மறுப்புச் சொல்லவில்லை?” ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசிகள் 1960களில் கருவின் திசுவிலிருந்து உருவான உயிரணு வரிசைகளில் வளர்க்கப்படுகின்றன. அவற்றைப் பயிற்சி முகாமில் போட்டுக்கொண்டவர்தானே நீங்கள் என்பார்கள். அப்போது தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். நம்பிக்கை காலப்போக்கில் ஆழப்பட்டது என்றால் எப்படி என்று எழுதுங்கள். மனிதர்களின் நம்பிக்கை வளரும் என்பதைச் சட்டம் ஏற்கிறது. கேள்வியையே தவிர்த்துவிட்டுப் போனால்தான் சந்தேகம் வரும்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டம்மை-ரூபெல்லா ஊசியிலும் சின்னம்மை ஊசியிலும் பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். முஸ்லிம், யூத, சைவ உணவு விரதமுள்ள இந்து, சமண வீரர்களுக்கு இது மனத்தை உறுத்தும் விஷயமாக இருக்கலாம். பல மத அறிஞர்கள் மருந்தாக ஏற்கலாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் முடிவு உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது. எந்த ஊசியில் எது இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளரின் தகவல் தாளைப் படித்து உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். எம்ஆர்என்ஏ கோவிட் ஊசிகளில் ஜெலட்டின் இல்லை. இருப்பதாக எழுதினால் அந்த ஒரு தப்பே கோப்பைக் கவிழ்த்துவிடும்.

உங்களை அறிந்தவர்களிடம் ஆதரவுக் கடிதம் வாங்குங்கள். போதகர், கோயில் நிர்வாகி, கூடப் பணியாற்றுபவர், மனைவி அல்லது கணவர் என யாராக இருந்தாலும், நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்று அவர்கள் சொல்வதுதான் முக்கியம். ஊசியைப் பற்றி அவர்கள் எதுவும் எழுத வேண்டாம்.

சமயகுருவுடன் நேர்காணல்

விண்ணப்பம் போட்டதும் படையின் சமயகுரு, அதாவது சாப்லின், உங்களை அழைத்துப் பேசுவார். உங்கள் நம்பிக்கை உண்மையானதா, அது மதம் சார்ந்ததா என்று தன் கருத்தை எழுதி மேலே அனுப்புவதே அவர் வேலை. அவர் உங்கள் மதத்தைச் சேர்ந்தவராக இருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தரைப்படைக்கு முதல் இந்து சமயகுரு 2011இல்தான் வந்தார். எனவே பொறுமையாக விளக்குங்கள்.

மிக முக்கியம்: இந்த நேர்காணலில் சொல்வது ரகசியம் அல்ல. சமயகுருவிடம் மனக்கவலையைச் சொல்லும்போது சட்டம் தரும் ரகசியப் பாதுகாப்பு இங்கே கிடையாது. குடும்பப் பிரச்சினை, கமாண்டர் மீதான கோபம் எதுவும் இங்கே வேண்டாம். அதைப் பேச வேண்டுமானால் வேறொரு சமயகுருவிடம், வேறொரு நாளில் போங்கள்.

பல கோப்புகளில் சமயகுரு “இவரது நம்பிக்கை உண்மையானது” என்று தெளிவாக எழுதியும் மேலிடம் மறுத்திருக்கிறது. அந்த ஒரு வரி பின்னால் நீதிமன்றத்தில் பெரிய பலம். அவர் எழுதிய குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். மருத்துவ அதிகாரியும் கமாண்டரும் தனித்தனியாக அழைத்து ஊசியின் நன்மையையும் மறுப்பதன் விளைவையும் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வாதம் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

முடிவு வரும்வரை

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊசி போடுவது பொதுவாகத் தள்ளிவைக்கப்படும். அதை வாய்வார்த்தையாக விடாமல் மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லா உத்தரவுகளுக்கும் கீழ்ப்படியுங்கள். பரிசோதனைக்கு வரச் சொன்னால் போங்கள், முகக்கவசம் போடச் சொன்னால் போடுங்கள். ராணுவச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, உத்தரவை மீறியதற்கான குற்றப்பிரிவு. ஊசிக்காகப் போராடும் ஒருவரை முகக்கவசத்துக்காக மாட்டிவிடுவது அவர்களுக்கு எளிது.

பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் எல்லாம் நின்றுபோகலாம். இதில் சட்டம் உங்களுக்கு அவ்வளவாக உதவாது. 2022 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும்போது தடுப்பூசி நிலையைக் கணக்கில் எடுக்கக் கடற்படைக்கு உரிமை உண்டு என்று இடைக்கால உத்தரவு போட்டது. வேலையிலிருந்து நீக்குவது வேறு, கப்பலில் ஏற்றாமல் விடுவது வேறு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது.

உங்களுக்கென்று வீட்டில் ஒரு கோப்பு வையுங்கள். யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதித் தேதி போடுங்கள். அரசாங்க மின்னஞ்சலில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். நீக்கப்படும் நாளில் அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடும்.

மறுப்புக் கடிதம் வந்தால்

வரும் என்றே எதிர்பாருங்கள். 2022 ஜனவரியில் டெக்சாஸ் மாவட்ட நீதிபதி ரீட் ஓ’கானர், சீல் வீரர்கள் வழக்கில் கடற்படையின் நடைமுறையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். விண்ணப்பங்களைக் கையாள ஐம்பது படிகள் கொண்ட ஒரு நடைமுறை இருந்தது. முதல் படிகளிலேயே, முன்கூட்டித் தயாரித்து வைத்த மறுப்புக் கடிதத்தில் விண்ணப்பித்தவரின் பெயரும் பதவியும் நிரப்பப்பட்டன. விண்ணப்பத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் படி முப்பத்தைந்தாவதாக வந்தது. முடிவு எழுதப்பட்ட பிறகுதான் மனிதர் ஒருவர் என்ன கேட்டார் என்று பார்த்தார்கள். இதைப் படிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. இருபது ஆண்டு நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களின் கடிதங்கள் அவை.

விமானப்படைக்குச் சுமார் 10,000 விண்ணப்பங்கள் வந்தன. ஏற்கப்பட்டவை ஏறக்குறைய 135, அவையும் எப்படியும் விலகப்போகிறவர்களுக்கு என்று ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 நவம்பரில் டாஸ்டர் வழக்கில் குறிப்பிட்டது. அதே படை ஆயிரக்கணக்கில் மருத்துவ, நிர்வாக விலக்குகளைக் கொடுத்திருந்தது. ஊசி போடாதவர் மருத்துவக் காரணத்துக்காகப் பணியில் இருக்கலாம், மதக் காரணத்துக்காக இருக்க முடியாது என்றால், அது எப்படித் தவிர்க்கவே முடியாத பொதுநலன் ஆகும்? இந்தக் கேள்வியை உங்கள் மேல்முறையீட்டில் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது சான்று பாதுகாப்புத் துறைக்கு உள்ளிருந்தே வந்தது. 2022 ஜூனில் துறையின் பொறுப்பு இன்ஸ்பெக்டர் ஜெனரல், அதாவது துறைக்குள் நடக்கும் தவறுகளை விசாரிக்கும் தற்காலிகத் தலைமை அதிகாரி, அமைச்சருக்கே எழுதினார். 90 நாட்களில் தினமும் சராசரியாக 50 மறுப்புகள் போடப்பட்டிருக்கின்றன, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இதை மட்டுமே பார்த்தாலும் ஒரு கோப்புக்குச் சுமார் 12 நிமிடம்தான் கிடைத்திருக்கும், தனித்தனியாக ஆராயாமல் பொதுவாக மறுத்திருப்பதுபோல் தெரிகிறது என்பது அதன் சாரம்.

ஆகவே மறுப்புக் கடிதம் கையில் கிடைத்ததும் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் பெயரை மறைத்துவிட்டால் அது வேறு யாருக்கும் பொருந்துமா? பொருந்தும் என்றால் அதுவே உங்கள் மேல்முறையீட்டின் முதல் பத்தி. உங்கள் வேலை, நீங்கள் முன்வந்து சொன்ன மாற்றுவழிகள், சமயகுருவின் கருத்து இவற்றில் எதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று ஒவ்வொன்றாகச் சுட்டுங்கள்.

மேல்முறையீட்டுக்குக் கால அவகாசம் மிகக் குறைவு. கோவிட் காலத்தில் விமானப்படை கொடுத்தது வெறும் 5 நாள். மறுப்பு வரும்முன்பே மேல்முறையீட்டு வரைவைத் தயாராக வைத்திருங்கள். யாரிடம் போகும் என்பதும் படைக்குப் படை வேறு. அன்று தரைப்படையில் முதல் முடிவு தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரலிடமும், மேல்முறையீடு துணைச் செயலரிடமும் இருந்தது. கடற்படையில் மனிதவளத்துக்குப் பொறுப்பான துணைத் தளபதி முடிவெடுத்தார், மேல்முறையீடு கடற்படைத் தலைமைத் தளபதியிடம் போனது.

உள்ளுக்குள் இருக்கும் மற்றக் கதவுகள்

கமாண்டர் உங்களுக்கு அநியாயம் செய்தார் என்றால் ராணுவச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் புகார் கொடுக்கலாம். முதலில் கமாண்டரிடமே எழுத்தில் நிவாரணம் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் மேலே போகலாம். சம்பவம் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 90 நாள் கெடு. இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கும், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுவது உங்கள் உரிமை. அப்படி எழுதியதற்காகப் பழிவாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஒரு விசாரணைக் கடிதம் வந்தால் மேசையில் தூங்கும் கோப்பு எழுந்து நடக்கும் என்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள்.

ஊடகங்களிலும் சமூக வலைத்தளங்களிலும் பேசுவதில் கவனம் வேண்டும். சீருடையில் நின்று அரசியல் பேசினால் உங்கள் மத வழக்கு அன்றோடு ஒழுங்கு நடவடிக்கை வழக்காகிவிடும்.

நீதிமன்றம்

உள்வழிகளை முடித்துவிட்டு வா என்று நீதிமன்றங்கள் சொல்வது வழக்கம். சீல் வழக்கில் ஐந்தாவது வட்ட நீதிமன்றம், முடிவு முன்கூட்டியே தெரிந்த நாடகத்துக்கு அந்த நிபந்தனை தேவையில்லை என்று ஏற்றது. டெக்சாஸிலும் ஒஹாயோவிலும் தடையுத்தரவு கிடைத்து, பின்னர் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துக் கூட்டு வழக்காகவும் விரிந்தது. நெப்ராஸ்காவில் விமானப்படையினர் கேட்டபோது தடை மறுக்கப்பட்டது. எந்த மாநிலத்தில் வழக்குப் போடுகிறோம் என்பது முடிவை மாற்றும். இது வழக்கறிஞரோடு உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

இதே சட்டத்தின் பலத்தை வேறொரு வழக்கிலும் பார்க்கலாம். 2022 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மரைன் படையில் சேர வந்த சீக்கிய இளைஞர்கள் தாடியோடும் தலைப்பாகையோடும் பயிற்சிக்குப் போகலாம் என்ற பக்கம் தீர்ப்பளித்தது. தோல் நோய்க்காகவும் வேறு காரணங்களுக்காகவும் தாடிக்கு விலக்குக் கொடுக்கும் படை, மதத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறது என்பதே அங்கும் கேள்வி.

நீக்கப்பட்டவர்கள் செய்ய வேண்டியது

படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் சான்றான டிடி-214 படிவத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். விடுவிப்பின் வகை, விடுவித்த காரணத்தின் குறியீடு, மறுசேர்ப்புக் குறியீடு என்ற மூன்று இடங்களைக் கவனியுங்கள். 2021 டிசம்பரில் வந்த பாதுகாப்புச் சட்டம், கோவிட் ஊசியை மறுத்ததற்காக மட்டும் நீக்கப்படுபவருக்கு கௌரவமான விடுவிப்பு அல்லது ‘கௌரவமான நிலையில் பொது விடுவிப்பு’ தவிர வேறு எதுவும் தரக்கூடாது என்று வரையறுத்தது. பொது விடுவிப்பு என்றால் 9/11க்குப் பிந்தைய ஜிஐ பில் கல்வி உதவி போய்விடும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம்வரை அது தொடர்பானது.

விடுவிப்பு வகையை உயர்த்த டிடி-293 படிவத்தில் விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு 15 ஆண்டு அவகாசம். பதிவேட்டில் தவறு, அநீதி எதுவானாலும் திருத்த டிடி-149 படிவத்தில் பதிவேடு திருத்த வாரியத்துக்குப் போகலாம். அங்கே 3 ஆண்டு, ஆனால் நியாயம் கருதித் தாமதத்தை மன்னிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. விலக்கு விண்ணப்பம், சமயகுருவின் குறிப்பு, மறுப்புக் கடிதம், மேல்முறையீடு எல்லாவற்றையும் தேதிவாரியாக இணைத்து அனுப்புங்கள்.

இன்னும் படையில் இருப்பவர்களுக்கு: விலக்குக் கேட்டு மறுக்கப்பட்டதன் காரணமாக மட்டும் பதிவேட்டில் ஏறிய கண்டனக் கடிதம் போன்றவற்றை நீக்க வேண்டும் என்று 2023 ஜனவரி ஆணையே சொல்கிறது. தானாக நீங்கியிருக்கும் என்று இருந்துவிடாமல் உங்கள் பணிப்பதிவேட்டை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். சீல் வழக்கின் கடற்படைப் பிரிவு 2024இல் சமரசத்தில் முடிந்தபோது, இதே பதிவேட்டுத் திருத்தம்தான் அதன் மையமாக இருந்தது.

திரும்பச் சேர விரும்புகிறவர்களுக்கு 2025 ஜனவரி 27 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை வழி திறந்தது. ஊசியை மறுத்ததற்காக மட்டும் நீக்கப்பட்டவர் பழைய பதவியோடும் நிலுவைச் சம்பளத்தோடும் திரும்பலாம். ஊசிக்குப் பயந்து தாமாகவே விலகியவர்களும் உறுதிமொழி எழுதிக் கொடுத்துத் திரும்பலாம், ஆனால் நிலுவைச் சம்பளம் கிடையாது. நிலுவைத் தொகையை எண்ணி இப்போதைய வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். இடைப்பட்ட காலத்தில் வெளியே சம்பாதித்தது அதில் கழிக்கப்படும், மருத்துவத் தகுதி மறுபடி பார்க்கப்படும், மீண்டும் சில ஆண்டு பணியாற்ற ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும். திட்டத்தின் இன்றைய நிபந்தனைகளையும் கடைசித் தேதியையும் உங்கள் படையின் மனிதவள அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திரும்பப் போகும் எண்ணமே இல்லாதவரும் டிடி-149ஐ நிரப்பி அனுப்பலாம். பதிவேட்டைத் திருத்தக் கேட்பதற்கு மறுபடி சேர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.